மேல் வரிசை, இடது, மூன்றாவது

முதலில் தமிழில்தான் தேடினேன்.
தெத்துப்பல் என்று அடித்ததும்
அதிர்ஷ்டம் என்றது, மாமியாருக்கு ஆகாது என்றது,
பழைய நடிகைகள் பன்னிரண்டு பேர்
சிரித்துக்கொண்டே வந்து நின்றார்கள்.
எவ்வளவு ஆகும், எத்தனை மாதம், வலிக்குமா,
அதெல்லாம் யார் கண்ணிலும் படாத இடத்தில் இருந்தது.

இந்தியில் கேட்டேன். தவணைத் திட்டம் வந்தது.
ஆங்கிலத்தில் கேட்டேன். பயம் வந்தது.

செம்பூரில் எட்டுப் பன்னிரண்டு வண்டி.
வடாலா வரைக்கும் நின்றுதான் போக வேண்டும்.
ஒரு கை கம்பியில். மறு கைக்குள்
யாரோ ஒருத்தியின் எக்ஸ்ரே.
நல்ல பல் நாலைப் பிடுங்கிட்டாங்க,
முகமே ஒட்டிப்போச்சு என்று அழுகிறாள்.
அடுத்தவள் அதே நாலைக் கொடுத்துவிட்டுக்
கல்யாணப் படத்தில் காதுவரை சிரிக்கிறாள்.
வேர் கரையும் என்கிறார் வெள்ளைக் கோட்டுக்காரர்;
கோட்டில் மடிப்புக் கலையவில்லை,
காலடியில் கூப்பன் எண்.
பதினெட்டுக்குமேல் எலும்பு இறுகிவிடும் என்று ஒருவர்.
அறுபதிலும் கட்டலாம் என்று ஒருவர்.
எனக்கு முப்பத்து நாலு.
இரண்டு பேருக்கும் நடுவில்
கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

குர்லாவில் ஏறியவள்
என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.
ஒன்றும் பேசாமல் தன் மேலுதட்டைத்
தூக்கிக் காட்டினாள்: பச்சை ரப்பர், வரிசையாக.
"முதல் வாரம் பருப்புச்சோறுதான்.
வடாபாவில் வடை ஒன்றும் செய்யாது,
பாவோட ஓரம்தான் மாட்டிக்கும்."
சுனாபட்டியில் இறங்கிவிட்டாள்.
அந்த ஓரத்தைப் பற்றி
ஒருவரும் எழுதியிருக்கவில்லை.

ஆபீஸில் என் வேலை
இன்ஷூரன்ஸ் பில்களைச் சரிபார்ப்பது.
பல் கம்பி என்று வந்தால்
இரண்டாம் பக்கம் புரட்ட வேண்டியதில்லை:
'அழகு சார்ந்தது. தொகை வழங்க இயலாது.'
ஒன்பது வருஷமாக என் விரல்களுக்கு
மனப்பாடமான வரி.
அன்று பாண்டுப்பிலிருந்து ஒரு தச்சர்.
கையால் எழுதிய கடிதம் வைத்திருந்தார்.
கடிக்கும்போது கீழ்ப்பல் அண்ணத்தில் குத்துகிறது,
சோற்றில் ரத்தம் தெரிகிறது, ஐயா.

ஐயா என்று என்னைத்தான்.
வரியை அடித்தேன்.
அடிக்கும்போது நாக்கு தானாகப் போய்
என் மூன்றாவது பல்லைத் தொட்டுவிட்டு வந்தது.

சனிக்கிழமை, சயான்.
கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் டாக்டர் கேட்கர்.
"என்னவெல்லாம் படிச்சீங்க?"
கேலி இல்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.
போனை நீட்டினேன், முப்பத்தேழு ஜன்னல்களோடு.
ஒவ்வொன்றாகத் தள்ளினார்.
இது விளம்பரம்.
இது நிஜம், ஆனா இந்தப் பொண்ணோட தாடை வேற.
இது எனக்கே தெரியாது, பார்த்துச் சொல்றேன்.
'தெரியாது' என்ற சொல்லை
இத்தனை இரவில் முதல்முறையாக அப்போதுதான் கேட்டேன்.

ஒரு ஜன்னலில் விரல் நின்றது.
"இது உங்க பாஷையா? என்ன கேட்டிருக்கீங்க?"
இரவு இரண்டு பத்துக்கு நான் தட்டியது:
வாயைப் பொத்தாமல் சிரிப்பது எப்படி.
"ரசப்பொடி செய்முறை" என்றேன்.
சொல்லி முடிப்பதற்குள்
கை வாய்க்கு வந்திருந்தது.
அவர் போனை விட்டுவிட்டுக்
கையைப் பார்த்தார்.

நாற்காலி பின்னால் சாய்ந்தது.
"வேற ஏதாவது கேட்கணுமா?"
பையில் பதினான்கு கேள்விகள் எழுதி வைத்திருந்தேன்.
ஜெபக்கனி, மறக்காமல் கேள் என்று
மேலே எனக்கே கோடு போட்டிருந்தேன்.
ஆனால் நான் கேட்டது இது:
கீழ்ப்பல் அண்ணத்தில் குத்தினால்
அது அழகு சார்ந்ததா, டாக்டர்?

"யார் அப்படிச் சொன்னது?" என்றார்,
கண்ணாடிக் குச்சியை
வாய்க்குள் விட்டபடியே.

ஆ காட்டிக்கொண்டு கிடந்தேன்.
பதில் சொல்ல முடியாத நிலை.
விளக்கு அத்தனையும்
உள்ளே அடித்துக்கொண்டிருந்தது.